போக்கிமான் கோல்டு: சேவ் அழியாமல் பேட்டரி மாற்றியது

நண்பன் கொடுத்த போக்கிமான் கோல்டு கார்ட்ரிட்ஜைக் கையடக்கக் கேம் மெஷினான கேம் பாய் கலரில் செருகி ஆன் செய்தால், மெனுவில் 'கண்டினியூ' இன்னும் வருகிறது. இந்த வேலை எப்படிப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானித்தது. வெறும் 'நியூ கேம்' மட்டும் இருந்திருந்தால் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்துத் திருகியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஆடியவரை பதிந்து வைத்த சேவ் உயிரோடு இருப்பதாலும், அதைத் தாங்குவதே அந்தப் பேட்டரி என்பதாலும் சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருந்தது.

கோல்டு 1999 நவம்பரில் ஜப்பானிலும் 2000 அக்டோபரில் அமெரிக்காவிலும் வெளியானது. தொழிற்சாலையில் வைத்த பேட்டரிதான் இதில் இன்னும் இருக்கிறது. இத்தனை வருடம் தாங்கியது அபூர்வம். ஆனால் இனி எந்த நாளும் போகலாம், எச்சரிக்கை எதுவும் வராது. ஒருநாள் ஆன் செய்யும்போது 'கண்டினியூ' இருக்காது, அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜைக் கொடுக்கும்போதே அவன் சொல்லிவிட்டான்: "சேவ் போனாலும் பரவாயில்லடா, கேம் ஓடினா போதும்."

"கேம் எங்க வேணும்னாலும் ஓடும்டா. சேவ் போச்சுன்னா இதுல உன்னோடதுன்னு என்ன மிச்சம்?" என்றேன்.

வாதத்துக்காகச் சொன்னதில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். கோல்டின் ஆங்கிலப் பதிப்பில் கேம் இருக்கும் ரோம் சில்லு 2 மெகாபைட். அந்தப் பதிப்பின் அத்தனை கார்ட்ரிட்ஜிலும் அது ஒன்றேதான், ஒரு பைட் கூட மாறாது. அதன் பக்கத்தில் சேவை வைத்திருக்கும் 32 கிலோபைட் எஸ்ரேம் சில்லு ஒன்று இருக்கிறது. அளவில் ரோமின் 64-இல் ஒரு பங்கு. அதற்குள் இருப்பதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. இந்தக் கார்ட்ரிட்ஜை இந்தக் கார்ட்ரிட்ஜாக ஆக்குவது அந்த 32 கிலோபைட்தான்.

எல்லா வகைக் கேமுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கேம் பாயோடு 1989-இல் வந்த டெட்ரிஸ் ஹை ஸ்கோரைக்கூடச் சேமித்து வைக்காது. அதனால் யாருக்கும் எதுவும் குறையவில்லை, ஏனென்றால் டெட்ரிஸில் கற்றது விரலில் தங்கிவிடுகிறது. வேறு கார்ட்ரிட்ஜ், வேறு மெஷின், எங்கே உட்கார்ந்தாலும் அந்தத் திறமை கூடவே வரும். ரேஸிங், சண்டை, பசில் எல்லாமே பெரும்பாலும் இப்படித்தான். கோல்டு போன்ற ஆர்பிஜியில், அதாவது ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் கேமில், கதை வேறு. அங்கே வளர்வது ஆடுபவனின் விரல் அல்ல, பாத்திரம். லெவல், அனுபவப் புள்ளிகள், பையில் இருக்கும் பொருள்கள், யாரைச் சேர்த்துக்கொண்டோம், யாரை விட்டுவிட்டோம் என்று எல்லாம் எங்கோ எழுதி வைக்கப்பட வேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மேசையில் ஆடும் ஆர்பிஜியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது அந்த எழுத்து ஒரு தாளில், பென்சிலில் இருந்தது. தாள் தொலைந்தால் விதிப் புத்தகம் அப்படியே இருக்கும், பகடையும் இருக்கும், அந்தப் போர்வீரன் மட்டும் இருக்க மாட்டான். என்னைப் பொறுத்தவரை ஒரு ஆர்பிஜியின் சேவ் என்பது அந்தத் தாள்தான். அதைக் கேமின் துணைக்கருவியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆடுபவன் எழுதிய பாதி அது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை நகல் எடுப்பது. யூஎஸ்பி கார்ட்ரிட்ஜ் ரீடர் இருந்தால் ரோமையும் சேவையும் தனித்தனிக் கோப்பாகக் கணினிக்கு எடுத்துவிடலாம். ஆனால் அதற்கும் முன்னால் கார்ட்ரிட்ஜின் செப்புத் தொடர்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்குத் தொடர்போடு படித்தால் தவறான பைட்கள் வரும், அது தவறென்று பார்த்த மாத்திரத்தில் தெரியவும் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஒவ்வொரு தொடர்பையும் நீளவாக்கில் துடைத்தால் கறுப்பாக வரும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். வாயால் ஊதுவது எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் எச்சில் ஈரம் தொடர்புகளை அரிக்கும், விட்டுவிடுங்கள். ரப்பரால் தேய்ப்பதும் வேண்டாம், மேல்பூச்சு தேய்ந்துபோகும்.

சேவை ஒருமுறை படித்ததோடு நிறுத்தக் கூடாது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி மறுபடி செருகி இன்னொரு முறை படித்து, இரண்டு கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நகல் என்று நம்பலாம். ஒரு படி மேலே போய் ரோமையும் படித்து, பொதுவில் தெரிந்த செக்சம்மோடு, அதாவது பிழை கண்டுபிடிக்க உதவும் எண்ணோடு, சரிபார்த்தேன். ரோம் பிழையின்றி வந்தால் அதே தொடர்புகளில் படித்த சேவும் பிழையின்றி வந்திருக்க நல்ல வாய்ப்பு.

அதன்பின் கோப்பை, பைட்களைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். வேலைக்கு இது தேவையே இல்லை, ஆனால் செய்யாமல் இருக்க என்னால் முடியாது. இந்தக் கேமின் எழுத்துக் குறியீடு கணினியில் வழக்கமாக இருப்பதைப் போன்றதல்ல. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு ஹெக்ஸில் 80, அடுத்ததற்கு 81 என்று போகும். பெயர் முடிந்த இடத்தில் 50 வரும். உருட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் 91 80 95 88 50. அதுதான் 'ரவி', என் நண்பனின் பெயர், ஆங்கிலத்தில் ஆர், ஏ, வி, ஐ. பெயருக்கு அதிகபட்சம் ஏழு எழுத்து என்று கேம் கேட்டபோது அவன் அடித்த நாலு எழுத்து, அதோடு முற்றுப்புள்ளியாக ஒரு 50. முக்கியமான தரவை இந்தக் கேம் இரண்டு பிரதியாக வைத்துக்கொள்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிச் செக்சம். ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து மீட்கப் பார்க்கும். ஆகவே கோப்பில் இன்னும் கீழே போனால் அதே 91 80 95 88 50 மறுபடியும் வரும். சின்னக் கார்ட்ரிட்ஜ் கேமுக்கு 32 கிலோபைட்டே நெருக்கடியான இடம். அதிலும் ஒரு பெரிய துண்டை நகலுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆடுபவர்கள் எதை இழந்தால் அழுவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதிய நிரல் அது.

இனி பேட்டரியின் கதை. எஸ்ரேமுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு. கேம் பாய் ஓடும்போது அதற்கு மெஷினிலிருந்து 5 வோல்ட் போகிறது. ஆஃப் செய்ததும் போர்டில் உள்ள ஒரு சின்னக் காவல் சில்லு வோல்ட்டேஜ் இறங்குவதைக் கவனித்து, எஸ்ரேமைப் பேட்டரிப் பக்கம் மாற்றிவிடும். அதே நொடியில் எஸ்ரேமுக்குள் யாரும் எதுவும் எழுத முடியாதபடி கதவையும் பூட்டிவிடும். இந்தப் பூட்டு இல்லையென்றால், மின்சாரம் சாகும் அந்தத் தருணத்தில் தடுமாறும் செயலி எதையாவது கண்டபடி எழுதித் தொலைக்கும். முதல் லெஜண்ட் ஆஃப் செல்டாவின் 1987 அமெரிக்கப் பதிப்பு பேட்டரி வைத்த கார்ட்ரிட்ஜாக வந்தது. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை அணைக்கும்படி அந்தக் கேம் ஆடுபவர்களைக் கேட்டுக்கொண்டதும் இதே பயத்தால்தான்.

எஸ்ரேம் மட்டும் என்றால் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். கோல்டில் கூடுதலாக ஒரு கடிகாரமும் ஓடுகிறது. பகல், இரவு, கிழமை என்று கேமுக்குள் எல்லாம் நிஜ நேரத்தில் நடப்பதால் கார்ட்ரிட்ஜ் அலமாரியில் கிடந்தாலும் கடிகாரம் நிற்கக் கூடாது. போர்டில் உருளையாகத் தெரியும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒரு நொடி. சேவ் கோப்பின் அளவும் 32,768 பைட்தான். இரண்டும் இரண்டின் 15-ஆம் அடுக்கு என்பதால் வந்த பொருத்தம், தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

இதில் இருக்கும் சிஆர்2025 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 160 மில்லி ஆம்பியர் மணி. சராசரியாக 2 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் 80,000 மணி நேரம், அதாவது ஒன்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் அதுபோல் இருமடங்கு. கடிகாரம் உள்ள கார்ட்ரிட்ஜ்கள் முதலில் போவதற்கும், கடிகாரமே இல்லாத சில பழைய கேம்கள் இன்னும் சேவோடு கிடைப்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

நகல் இரண்டு இடத்தில் சேர்ந்த பிறகுதான் கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்தேன். கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்தில் ஒரே ஒரு திருகு இருக்கும், சாதாரண திருப்புளிக்கு மசியாது. 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் முனை வேண்டும். பேனா மூடியை உருக்கி அச்செடுத்துத் திருகுவதாகக் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். உருகிய பிளாஸ்டிக் திருகின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு சரியான முனைகூட இறங்காது. சரியான கருவியையே வாங்கிவிடுங்கள். திருகு வந்ததும் முன் ஓட்டை மேலே இழுக்காமல் கொஞ்சம் கீழ்நோக்கித் தள்ளினால் கொக்கிகள் விலகும். அதன்பின் தூக்கினால் வந்துவிடும்.

பேட்டரியின் மேல் மல்டிமீட்டரை வைத்தால் 2.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. புதிய லித்தியம் பட்டன் பேட்டரி 3.2-க்கு மேல் காட்ட வேண்டும். இந்த வகை எஸ்ரேம் சில்லுகள் தரவைத் தக்கவைக்க வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்சம் 2.0 வோல்ட். லித்தியம் பேட்டரி வாழ்நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் சட்டென்று சரியும். இது அந்தச் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டது.

கழற்றுவதற்கு இரண்டு வழி பேசப்படுவதுண்டு. கார்ட்ரிட்ஜை மின்சாரத்தோடு வைத்துக்கொண்டோ, இன்னொரு பேட்டரியை இணையாகப் பிடித்துக்கொண்டோ சேவ் அழியாமலேயே மாற்றுவது ஒன்று. நகல் எடுக்கக் கருவி இல்லாதவர்கள் அதைச் செய்கிறார்கள், வெற்றியும் பெறுகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் ஓடும் போர்டில் இடுக்கி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் போதும், ஷார்ட் ஆகிக் காப்பாற்ற வந்ததே போய்விடும். ரீடர் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு நகலெடுத்துக்கொண்டு, போர்டை மின்சாரமே இல்லாமல் வைத்து நிதானமாகச் செய்வது மேல்.

பழைய பேட்டரியில் இரண்டு தகட்டுக் கால்கள் ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். தகட்டைப் பேட்டரியிலிருந்து பிய்க்கப் பார்க்காமல், போர்டில் அது ஈயம் பிடித்திருக்கும் இடத்தில் கழற்ற வேண்டும். முனையை 340 டிகிரி செல்சியஸுக்கு வைத்தேன். பழைய ஈயம் எளிதில் உருகாது. ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் தடவி அதன் மேல் கொஞ்சம் புதிய ஈயத்தை உருக்கினால், இரண்டும் கலந்து மொத்தமாக இளகும். பிளஸ் பக்கம் இரண்டு நொடியில் கையோடு வந்துவிட்டது. மைனஸ் பக்கம் அப்படி வராது, யாருக்கும் வராது. அந்த இடம் போர்டின் பெரிய கிரவுண்டு செப்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்தப் பரப்பு முழுக்க இழுத்துக்கொண்டு போய்விடும். வெப்பநிலையைக் கூட்டுவதைவிடக் கூர்முனையை எடுத்துவிட்டு அகலமான உளிமுனை போடுவது நல்லது. தொடும் பரப்பு கூடினால் சூடு வேகமாக இறங்கும். முனையைத் தட்டையாகப் படுக்க வைத்ததும் ஈயத்தின் மங்கல் நிறம் ஓரத்திலிருந்து பளபளப்பாக மாறிக்கொண்டு வந்தது. முழுவதும் மின்னியதும் தகட்டை மெல்லத் தூக்கினால் போதும். மின்னுவதற்கு முன் தூக்கினால் செப்புத் தடமே போர்டிலிருந்து உரிந்து வரும்.

கீழே எலக்ட்ரோலைட் கசிவு எதுவும் இல்லை. மிச்ச ஈயத்தைச் செப்பு வலையால் உறிஞ்சி, ஃப்ளக்ஸ் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்தேன்.

புதிய பேட்டரி தகட்டுக் கால் ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும். வெறும் பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கவும் செய்யலாம். செல்லோ டேப் போட்டு அழுத்தி வைக்கும் வழியும் எனக்கு உடன்பாடில்லை. பசை காய்ந்து தொடர்பு ஒரு கணம் விட்டாலே முப்பத்தி இரண்டாயிரம் பைட்டும் போயிற்று. சிஆர்2032 அதிக நாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் 0.7 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன், ஓட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அதனால் 2025-இலேயே நின்றேன். பிளஸ், மைனஸ் குறியைப் போர்டிலும் பேட்டரியிலும் பார்த்துவிட்டு, தகட்டுக்கும் போர்டுக்கும் இடையே சூடு தாங்கும் காப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் போகாமல் ஈயம் வைத்தேன்.

பேட்டரியே வேண்டாமென்று எஃப்ரேம் சில்லு போடுபவர்களும் உண்டு. மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும் சில்லு அது, கடிகாரம் இல்லாத கார்ட்ரிட்ஜுக்கு அருமையான தீர்வு. கோல்டில் கடிகாரத்துக்குப் பேட்டரி எப்படியும் தேவை என்பதால் இங்கே அதில் பயனில்லை.

பிறகு சேவைத் திரும்ப எழுதி, மறுபடி படித்து, ஹேஷ் பார்த்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். எழுதியவுடன் சரியாகப் படிப்பதில் பெருமை இல்லை. பேட்டரி தாங்குகிறதா என்பது மின்சாரமில்லாமல் கிடந்தால்தான் தெரியும். கடிகாரத்தின் நேரத்தையும் ரீடரே எழுதிக் கொடுத்தது. கேமுக்குள்ளேயே நேரத்தை மாற்றப் போனால் ஐந்து இலக்கக் கடவுச்சொல் கேட்கும். பாத்திரத்தின் பெயர், ஐடி எண், கையில் இருக்கும் பணம் மூன்றையும் வைத்துக் கணக்கிடப்படும் எண் அது. கடிகாரத்தைத் திருத்துவதற்குக்கூட அந்தப் பாத்திரம் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நகல் இருந்தால் ஒரு கேள்வி கூடவே வரும். இஷ்டத்துக்குப் பின்னால் போய் வரலாமே, அதன்பின் ஒரு முடிவுக்கு என்ன கனம்? நியாயமான கேள்வி. 1980-இல் வந்த ரோக் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட கேம். சேவைத் திறந்ததுமே கோப்பை அழித்துவிடும், செத்தால் செத்ததுதான். 2011-இன் டார்க் சோல்ஸ் தன்போக்கில் சேவ் செய்துகொண்டே வரும். கோபத்தில் ஒரு வியாபாரியை வெட்டிவிட்டால் அவன் திரும்ப வரமாட்டான். 2017-இல் வந்த நியர் ஆட்டோமேட்டாவின் முடிவை இங்கே சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கடைசியில், முகம் தெரியாத இன்னொரு ஆட்டக்காரருக்கு உதவ உன் சேவ் முழுவதையும் அழிக்கச் சம்மதமா என்று அது கேட்கிறது. சம்மதித்தால் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழிக்கும். வேறு எந்தக் கலையாலும் இப்படி ஒரு தியாகத்தைக் கேட்க முடியாது. ஆர்பிஜியில் அது வலிக்கிறது என்பதே சேவ் என்பது வெறும் கோப்பு அல்ல என்பதற்குச் சான்று.

ஆனால் இவை எல்லாவற்றிலும் இழப்பு ஒரு முடிவிலிருந்து வருகிறது. ஆடுபவர் எடுத்தது, இல்லையென்றால் கேமைச் செய்தவர்கள் யோசித்து வைத்தது. பேட்டரி சாவது யாருடைய முடிவும் இல்லை. ஆட்டத்துக்குள் ஒரு மோசமான சண்டைக்குப் பிறகு ரீலோட் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு, பெரும்பாலும் விளைவோடு வாழ்ந்து பார்ப்பதுதான் சுவை. இரசாயனத்தின் ஆயுள் முடிந்ததற்காக ஒருவனின் பயணம் அழிவதில் எந்தச் சுவையும் இல்லை. எனவே நகலெடுப்பது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு நான் முழுமனதாக முரண்படுகிறேன்.

ரவி பிடித்து வளர்த்த ஆறு போக்கிமான்களின் அணியைப் பார்த்தால் இது புரியும். டைப்ளோஷன் லெவல் 62-இல் நிற்கிறது, இன்னும் 'கட்' கற்றுவைத்திருக்கிறது. மரம் வெட்ட வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிய அவனுக்கு மனமில்லை போல. கோபத்தின் ஏரியில் பிடித்த சிவப்பு கியாரடோஸுக்குச் 'செம்மீன்' என்று பெயர். ஆறாவது இடத்தில் லெவல் 5 டோகெப்பி, முட்டையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே. கடைசிவரை சண்டைக்கு இறக்காமல், பெட்டியிலும் போடாமல், ஒரு முழு இடத்தை அதற்கென்று கொடுத்து வைத்திருக்கிறான். எந்த வழிகாட்டியும் அப்படி ஆடச் சொல்லாது. கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் திரையைத்தான் முதலில் திறந்தான். "டேய், இவன இன்னும் வச்சிருக்கேன்டா நான்!" என்று டோகெப்பியைத்தான் காட்டினான்.

ஓட்டின் உள்பக்கம் பேட்டரியின் எண்ணையும் மாற்றிய மாதம், வருடத்தையும் ஒரு சின்ன லேபிளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து திறப்பவருக்கு மீட்டர் எடுக்கும் முன்பே நிலவரம் தெரியும். சேவ் கோப்பு அவனுடைய போனிலும் என் டிஸ்கிலும் இருக்கிறது. அவனிடம் போக்கிமான் ரூபி கார்ட்ரிட்ஜ் ஒன்றும் இருக்கிறதாம், "உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று திரையில் வருகிறதாம். அதில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், போனாலும் எதுவும் அழியாது. இருந்தாலும் திறப்பதற்கு முன் நகல் எடுத்துவிட்டுத்தான் தொடுவேன்.